ஆண்டின் மிகக் குறுகிய இரவில் வானம் பார்க்கத் தொடங்குங்கள்

ஜூன் 21-ஐ ஒட்டிய இரவுகள் வடகோளத்தில் ஆண்டிலேயே மிகக் குறுகியவை. அதனால் வானம் பார்க்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம், "டிசம்பர் வரட்டும், அப்போதுதான் இரவு நீளம்" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த வாரத்தின் நள்ளிரவில் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தனுசு மண்டலம் நிற்கிறது. நம் பால்வீதியின் மையம் இருப்பதும் ஏறக்குறைய அதே திசையில்தான். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், பால்வீதியின் நடுப்பகுதி முகத்துக்கு நேரே. டிசம்பரில் சூரியனே அந்தத் திசையில் போய் நின்றுகொள்ளும். பால்வீதியின் மிகச் செழிப்பான பகுதி பகல் வெளிச்சத்தில் மறைந்து போகும்.

ஆகவே இரவு குறுகியது என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். நேரம் குறைவாக இருப்பதால் ஒரு திட்டம் வேண்டும், அவ்வளவுதான். முதல் இரவுக்குத் தொலைநோக்கி தேவையில்லை. கண்ணும் பொறுமையும் போதும்.

எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது

பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. வடமுனை சூரியனை நோக்கி அதிகபட்சமாகச் சாயும் கணமே கோடைக் கதிர்த்திருப்பம். அது ஆண்டைப் பொறுத்து ஜூன் 20, 21 அல்லது 22-இல் வரும். ஆனால் வானம் பார்ப்பதற்கு அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று வாரங்கள் வானம் கிட்டத்தட்ட இதே கோலத்தில்தான் இருக்கும்.

பார்க்க வேண்டியது நிலவை. முழுநிலவு என்றாலே சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும் நிலவு. ஜூனில் அந்த எதிர்ப்பக்கம் எது என்று இப்போது தெரியும்: தனுசும் விருச்சிகமும் இருக்கும் இடம். ஜூன் மாத முழுநிலவு நாம் பார்க்க வந்த இடத்தின் மேலேயே, அல்லது அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கழுவிவிடும். எனவே நாள்காட்டியில் அமாவாசையைக் கண்டுபிடித்து, அதற்கு ஐந்து நாள் முன்பிருந்து ஐந்து நாள் பின்பு வரை ஒதுக்கி வையுங்கள். முழுநிலவு நாளையும் விட்டுவிட வேண்டாம். நிலவு எழும் இடத்தையும் அது ஏறும் உயரத்தையும் மட்டும் பாருங்கள். குளிர்காலச் சூரியன் போகும் பாதையை ஒட்டியே அது போகும், அதனால் வடகோளத்தில் மிகத் தாழ்வாகத் தெரியும்.

அடுத்தது மேகம். ஜூனில் மழைக்காலம் தொடங்கும் நாடுகளில் இருந்தால் ஒரே இரவை நம்பி இருக்காதீர்கள், நாலைந்து இரவுகளைக் குறித்து வையுங்கள். நல்ல மழை பெய்து தூசு அடங்கிய மறுநாள் வானம் விலகினால், அந்த இரவின் தெளிவுக்கு இணையே இல்லை.

பகலிலேயே தொடங்கி விடலாம்

கதிர்த்திருப்ப வாரத்தில் பகலிலும் ஒரு வேலை உண்டு. இரவில் திசை தெரியாமல் தடுமாறாமல் இருக்க அதுவே உதவும்.

சமதளமான இடத்தில் ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சியை நேராக நட்டு வையுங்கள். முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வையுங்கள். நிழல் மிகக் குறுகி நிற்கும் கணமே உங்கள் இடத்தின் உண்மையான நண்பகல். கடிகாரத்தின் 12 மணியோடு அது பொருந்தாமல் இருக்கலாம், கவலைப்பட வேண்டாம். அந்தக் குறுகிய நிழலின் கோடுதான் சரியான வடக்கு–தெற்குக் கோடு. இரவில் இங்கேயே நிற்கப் போகிறீர்கள் என்றால் அந்தக் கோட்டை அழிக்காமல் விட்டுவையுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? நீங்கள் இருப்பது வடக்கு அட்சரேகை 40 பாகை என்றால், ஒரு மீட்டர்க் குச்சியின் நிழல் சுமார் 30 செ.மீ. நீளத்துக்கு வடக்கே விழும். கடகரேகையில், அதாவது 23.4 பாகையில், நிழலே இராது. அதற்கும் தெற்கே, 10 பாகையில் என்றால், சுமார் 24 செ.மீ. நிழல் தெற்கே விழும்! சூரியன் உச்சியைத் தாண்டி வடபக்கம் போய்விட்டது என்பதை இதைவிட எளிதாக வேறு எதுவும் காட்டாது. எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டதும் இந்த நாளின் நண்பகல் நிழலை வைத்துத்தான். எகிப்தின் சயீன் நகரில் அன்று சூரிய ஒளி கிணற்றின் அடிவரை விழுந்தது. வடக்கே அலெக்சாண்டிரியாவில் அதே நேரத்தில் நிழல் இருந்தது. அந்த நிழலின் கோணம் முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியானால் பூமியின் சுற்றளவு, இரு நகரங்களுக்கும் இடையிலான தூரத்தைப் போல் ஐம்பது மடங்கு.

மாலையில் சூரியன் மறையும் இடத்தை ஒரு மரமோ கட்டடமோ கொண்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நேர் மேற்கில் மறையாது. வெப்பமண்டலத்தில் ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளியும், 50 பாகை அட்சரேகையில் 38 பாகை தள்ளியும் மறையும். ஒரு வாரம் தொடர்ந்து பார்த்தாலும் அந்த இடம் நகர்ந்ததாகவே தெரியாது. மார்ச்சிலோ செப்டம்பரிலோ இதே வேலையைச் செய்தால் நாளுக்கு நாள் இடம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். சூரியன் நின்று திரும்புகிறது என்று முன்னோர் சொன்னது இதைப் பார்த்துத்தான். வெறும் கண்ணாலோ பைனாகுலராலோ சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. பார்வை போனால் திரும்பாது. நிழலையும், அது மறைந்த இடத்தையும் மட்டும் பாருங்கள்.

எதை எடுத்துப் போவது

படுத்துப் பார்க்க ஒரு பாய் அல்லது சாய்வு நாற்காலி வேண்டும். நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும், அரைமணியில் ஆர்வமே போய்விடும். சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச், குறிப்பேடு, பென்சில், கொசுவுக்கு முழுக்கைச் சட்டை, காலுக்கு மூடிய செருப்பு அல்லது ஷூ. ஊருக்கு வெளியே போவதானால் துணையோடு போங்கள், போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, தெற்கு அடிவானம் திறந்திருப்பதுதான் முக்கியம். நகரத்தை விட்டுப் போகிறீர்கள் என்றால், நகரத்துக்குத் தெற்கே போய் நில்லுங்கள். நகரத்தின் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். போக முடியாதவர்கள் மொட்டை மாடியிலேயே தொடங்கலாம். பால்வீதி தெரியாது, ஆனால் கீழே சொல்லும் பெரிய நட்சத்திரங்கள் அத்தனையும் நகரத்திலிருந்தும் தெரியும்.

கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். இதைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் நம்புவதில்லை. இருட்டுக்கு வந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஒன்றும் தெரியவில்லையே" என்று கிளம்பிவிடுகிறார்கள். செல்போன் திரையை ஒரு தரம் பார்த்தாலே பழகிய கண் கலைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்டெல்லேரியம் போன்ற வானப்படச் செயலிகள் நல்லவைதான். ஆனால் அவற்றை வீட்டிலேயே பார்த்து, வரைபடத்தை மனதில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். வெளியே வந்தபின் போனைப் பையில் வைத்துவிடுங்கள்.

அளவுகோல் கையிலேயே இருக்கிறது. கையை முழுதாக நீட்டினால் மூடிய முஷ்டியின் அகலம் சுமார் 10 பாகை, நடு மூன்று விரல்கள் 5 பாகை, சுண்டுவிரல் 1 பாகை. பெரியவர் சிறியவர் யாருக்கும் இது ஏறக்குறைய சரியாகவே வரும், ஏனென்றால் கையின் நீளமும் முஷ்டியும் சேர்ந்தே வளர்கின்றன.

அந்தி: இருட்டும் வரை என்ன செய்வது

சூரியன் மறைந்த உடனே கிழக்கே திரும்பிப் பாருங்கள். எல்லோரும் மேற்கையே பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. கிழக்கு அடிவானத்தை ஒட்டி நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை மெல்ல எழும். அதன் மேல் இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை இருக்கும். கீழே இருக்கும் அந்தச் சாம்பல் பட்டை பூமியின் நிழல். நாம் நிற்கும் இந்தக் கோளின் நிழல் காற்றின் மேல் விழுந்து, நம் கண்முன்னே உயர்ந்து, கடைசியில் இரவாகவே ஆகிவிடுகிறது. முதல்முறை இதை அடையாளம் கண்டுகொண்ட மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அத்தனை ஆண்டுகள் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கினால்தான் முழு இருட்டு. வெப்பமண்டலத்தில் அதற்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம், 40 பாகை அட்சரேகையில் இரண்டு மணி நேரம். 49 பாகைக்கு வடக்கே இந்த வாரத்தில் முழு இருட்டு வருவதே இல்லை. அங்கே வாழ்கிறவர்கள் மனம் தளர வேண்டாம், அவர்களுக்கு மட்டும் வாய்க்கும் ஒரு காட்சி உண்டு. 50 பாகைக்கு மேல், ஜூன், ஜூலை இரவுகளில், வடக்கு அடிவானத்தில் வெள்ளி கலந்த நீலத்தில் அலை அலையாக மேகங்கள் ஒளிரலாம். அவை தரையிலிருந்து சுமார் 80 கி.மீ. உயரத்தில் இருக்கும் பனித்துகள் மேகங்கள். நமக்கு மறைந்துவிட்ட சூரியன் அந்த உயரத்துக்கு இன்னும் மறையவில்லை, அதனால்தான் அந்த ஒளி.

செயற்கைக்கோள்கள் தெரிவதற்கும் இதே காரணம்தான். மினுக்காமல், அணைந்து எரியாமல், சீராக நகரும் புள்ளி என்றால் அது செயற்கைக்கோள். அவற்றுள் மிகப் பிரகாசமானது பன்னாட்டு விண்வெளி நிலையம். சுமார் 400 கி.மீ. உயரத்தில் பறந்து, சில நிமிடங்களில் வானத்தைக் கடந்துவிடும். சில நேரம் நடுவானிலேயே மங்கி மறையும். அப்போது பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். சற்று முன் கிழக்கில் எழக் கண்டோமே, அதே நிழல்.

முதல் மூன்று நட்சத்திரங்கள்

இரவு ஒன்பது மணி வாக்கில் வடக்கே பாருங்கள். கரண்டி போல ஏழு நட்சத்திரங்கள் தெரியும். அது சப்தரிஷி மண்டலம். அதன் கைப்பிடி வளைந்திருக்கிறதல்லவா, அந்த வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு மூன்று முஷ்டி தூரம் வாருங்கள். பொன் நிறத்தில் ஜொலிக்கும் பெரிய நட்சத்திரம் வந்துவிடும். அதுதான் சுவாதி. அதே வளைவில் இன்னும் மூன்று முஷ்டி போனால் நீலவெள்ளை நிறத்தில் சித்திரை.

நட்சத்திரப் பெயர்கள் எத்தனையோ நமக்குத் தெரியும். பிறந்த நட்சத்திரம் என்று வாயால் சொல்லும் அந்தப் பெயருக்கு உரிய ஒளிப்புள்ளியைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகக் குறைவு. இந்த இரவிலேயே நான்கைந்தைப் பார்த்துவிடலாம், அதனால் பெயர்களை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்.

சுவாதியின் தூரம் 37 ஒளியாண்டு. 1933-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியைத் தொடங்கி வைத்தது இதன் ஒளிதான். அதே நகரில் 1893-இல் நடந்த கண்காட்சியின்போது கிளம்பிய ஒளி இப்போது வந்து சேர்கிறது என்று அப்போதைய கணக்குப்படி நம்பி, தொலைநோக்கியில் அதைப் பிடித்து, மின்னணுக் கண்ணால் விளக்குகளை எரியவிட்டார்கள். உங்களுக்கு 37 வயது என்றால், இன்று கண்ணில் படும் சுவாதியின் ஒளி நீங்கள் பிறந்த ஆண்டில் புறப்பட்டது.

கரண்டிக்கு ஒரு கணம் திரும்புங்கள். கைப்பிடியின் நடு நட்சத்திரம் வசிஷ்டர். அதன் அருகே ஒட்டினாற்போல மங்கலாக இருப்பது அருந்ததி. இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றனவா? தெரிந்தால் கண்ணும் நன்றாக இருக்கிறது, வானமும் நன்றாக இருக்கிறது.

இந்த வழியில் அகப்படாத பிரகாசமான புள்ளி ஏதாவது, மினுக்காமல் நிதானமாக எரிந்துகொண்டிருந்தால், அது பெரும்பாலும் கோள். வெள்ளி, வியாழன், சனி எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். அன்றைய நிலையைக் கிளம்பும் முன் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெப்பமண்டலத்தில் இருப்பவர்கள் இதே நேரத்தில் தெற்கேயும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். அடிவானத்துக்கு மேலே அருகருகே இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் நிற்கும். இடப்பக்கம் இருப்பது ஆல்பா சென்டாரி, 4.4 ஒளியாண்டு தூரத்தில் உள்ள நம் அண்டை வீட்டுக்காரர். அந்த இரண்டையும் சேர்த்து வலப்பக்கம் கோடு இழுத்தால் தெற்குச் சிலுவை கிடைக்கும். அது சீக்கிரம் சாய்ந்துவிடும், முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

தேளும் கெண்டியும்

சரி, இப்போது இந்த இரவின் மையத்துக்கு வந்துவிட்டோம். தென்கிழக்கே பார்த்து உட்காருங்கள். சிவந்து துடிக்கும் ஒரு நட்சத்திரம் தெரியும். அது கேட்டை. அதற்கு மேலே வலப்பக்கமாக வரிசையாக மூன்று நட்சத்திரங்கள், அவை அனுஷம். கேட்டையிலிருந்து கீழே இடப்பக்கமாக நட்சத்திரங்கள் ஒரு கொக்கியாக வளைந்து போகும். கொக்கியின் நுனியில் நெருங்கி நிற்கும் இரட்டைதான் மூலம் என்ற நட்சத்திரத்தில் நம் கண்ணில் முதலில் படுவது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தலை, நெஞ்சு, வால் என ஒரு தேள் உயிரோடு எழுந்து வரும். பெயருக்கும் வடிவத்துக்கும் இவ்வளவு பொருத்தம் உள்ள மண்டலங்கள் வானத்தில் அதிகம் இல்லை.

கேட்டை 550 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் செம்பெருமீன். அதைச் சூரியனின் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையைக்கூட விழுங்கிவிடும்.

தேளின் வாலுக்கு இடப்பக்கம், சற்று நேரம் கழித்து, தனுசு மண்டலத்தின் எட்டு நட்சத்திரங்கள் ஒரு பாத்திர வடிவில் ஏறி வரும். ஆங்கிலத்தில் இதைத் தேநீர்ப் பானை என்பார்கள். எனக்கு இது மூக்கு வைத்த கெண்டியாகவே தெரிகிறது. கெண்டியின் உடலிலும் கைப்பிடியிலும்தான் நம் பூராடமும் உத்திராடமும் இருக்கின்றன. கெண்டியின் மூக்கு நுனியிலிருந்து வலப்பக்கம் மூன்று விரல் அகலம் நகருங்கள். பால்வீதியின் மையம் அந்தத் திசையில்தான் இருக்கிறது, சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில். மையம் நேரடியாகக் கண்ணுக்குத் தெரியாது, நடுவில் அடர்ந்த தூசு மறைக்கிறது. அங்கிருக்கும் கருந்துளையின் படத்தை 2022-இல் வெளியிட்டபோதுகூட அது ரேடியோ அலைகளால் எடுக்கப்பட்ட படமே. ஆனால் அந்தத் தூசுக்கு முன்னால் இருக்கும் நட்சத்திரத் திரள் நமக்குத் தெரிகிறது. இருண்ட இடத்தில், நள்ளிரவில், கெண்டி தெற்கே நிமிர்ந்து நிற்கும்போது, மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது போல வெளிறிய ஒளி மேலெழுந்து உச்சி வரை போகும். அதுதான் பால்வீதி. மேகம் என்றே முதலில் நினைப்பீர்கள். அரைமணி கழித்தும் நகர்ந்து கலையாமல் நட்சத்திரங்களோடேயே போனால், அது மேகமில்லை.

மங்கலான பொருளை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், சற்றே பக்கத்தில் பார்வையை வைத்தால் தெரியும். கண்ணின் மையத்தைவிட ஓரம்தான் மங்கிய ஒளியை நன்றாக உணரும். இந்த ஓரப்பார்வையைப் பழகுங்கள். பால்வீதியின் நடுவே கருங்கோடுகள் ஓடுவது அப்போதுதான் புலப்படும்.

55 பாகைக்கு வடக்கே தேள் அடிவானத்தில் உரசிக்கொண்டு போகும், கெண்டி முழுதாகத் தெரியாது. தென்கோளத்தில் இருப்பவர்களுக்கு இது ஆண்டின் மிக நீண்ட இரவு. தேள் தலைக்கு மேலே நிற்கும், கெண்டி கவிழ்ந்து இருக்கும். நான் சொன்ன இட வலங்களை அவர்கள் மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.

பைனாகுலர் இருந்தால்

பலர் முதலில் தொலைநோக்கி வாங்கி, ஒன்றையும் தேடிப் பிடிக்க முடியாமல் மூலையில் போட்டுவிடுகிறார்கள். முதல் கருவி பைனாகுலராக இருக்கட்டும் என்பதே என் கருத்து. 7×50 அல்லது 10×50 என்று அதில் எழுதியிருக்கும். முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். இருட்டில் விரிந்த கண்பாவை சுமார் 7 மி.மீ. என்று வைத்தால், 50 மி.மீ. வில்லை அதைவிட ஐம்பது மடங்கு ஒளியை அள்ளித் தருகிறது.

படுத்துக்கொண்டு, முழங்கைகளை நெஞ்சில் ஊன்றி, தேளின் கொடுக்குக்கும் கெண்டியின் மூக்குக்கும் நடுவே பாருங்கள். வெறும் கண்ணுக்குப் புகைப்புள்ளியாக இருந்தது சிதறிய நட்சத்திரக் கொத்தாகப் பிரியும். டாலமி என்ற பழைய வானியலாளர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்த கொத்து இது, மெஸ்ஸியரின் வான்பொருள் பட்டியலில் எம்7 என்று இருக்கும். மூக்குக்கு மேலே அரை முஷ்டி தூரத்தில் ஒளிப்படலம் போல எம்8. நட்சத்திரங்கள் பிறக்கும் வாயுமேகம். அப்புறம் எந்த இலக்கும் இல்லாமல் பால்வீதியின் மேலேயே மெதுவாக நகர்த்திக்கொண்டு போங்கள். கலிலியோ 1610-இல் வெளியிட்டுச் சொன்னதை நீங்களே பார்ப்பீர்கள்: அந்தப் பால் நிறம் முழுக்கத் தனித்தனி நட்சத்திரங்கள்.

நள்ளிரவும் விடியலும்

கிழக்கே இதற்குள் மூன்று பிரகாசமான நட்சத்திரங்கள் ஒரு பெரிய முக்கோணமாக ஏறியிருக்கும். மிகப் பிரகாசமானது அபிஜித், 25 ஒளியாண்டு. இருபுறமும் காவலர் போல இரு சிறிய நட்சத்திரங்களோடு இருப்பது திருவோணம், 17 ஒளியாண்டு. மூன்றாவது டெனெப், மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு தூரத்தில் இருந்தும் அவற்றோடு போட்டியிடுகிறது. முக்கோணத்தின் ஊடாகத்தான் பால்வீதி ஓடுகிறது.

இரவு குறுகியது என்பதால் விடிய விடிய இருந்துவிடுவது இந்த வாரத்தில் எளிது. தூக்கம் வந்தால் தூங்குங்கள், மூன்றரை மணிக்கு எழுந்து வடகிழக்கே பாருங்கள். வெளிச்சம் பரவும் முன் அடிவானத்துக்கு மேலே ஒரு கைப்பிடி நட்சத்திரங்கள் நெருக்கமாக எழும். கார்த்திகை. சங்கப் பாடல்கள் அறுமீன் என்று சொன்னது இதைத்தான். ஆறையும் எண்ண முடிகிறதா என்று பாருங்கள். முடிந்ததோ இல்லையோ, எத்தனை தெரிந்தது, எத்தனை மணிக்கு, எந்த மரத்துக்கு மேலே என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பாயைச் சுருட்டுங்கள். ஒரு வாரம் கழித்து அதே மரத்துக்கு மேலே அது சுமார் 28 நிமிடம் முன்னதாகவே வந்து நிற்கும்.